சூயின் வரவேற்பறைக்கு வந்த சீர்வரிசை

லியாவ் சூயினுக்கு 'முடியாது' என்று சொல்ல வராது. நாக்கில் கோளாறு ஒன்றும் இல்லை, மனசுதான் அப்படி. கல்யாணத்துக்கு முன்னால், கடலோரத்தில் சிப்பி உடைக்கிற ஊரில் இருந்தபோது, ஒரே மாசத்தில் இரண்டு வீட்டிலிருந்து அவளைப் பெண் கேட்டு வந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் தலையாட்டிவிட்டாள். "அவ்ளோ தூரம் வந்தவங்களை எப்படி ஹுவாக்கா வேணாம்னு அனுப்பறது?" என்று இன்றைக்கும் என்னிடம் நியாயம் பேசுவாள். அவளுடைய அம்மா ஒரு வீட்டுக்கு அன்னாசி கேக் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் மன்னிப்புக் கேட்டு வந்தாளாம். மிஞ்சிய மாப்பிள்ளைதான், எங்கள் சியாயி ஊர் ரயிலடிப் பக்கம் செம்மேகம் விடுதி வைத்திருந்த ஹுவாங் குடும்பத்துப் பையன்.

நான் அந்த விடுதிக்கு ஒட்டின கடைக்காரி. காலையில் முட்டைச் சுருளும் முள்ளங்கி கேக்கும் சோயா பாலும் போடுகிறேன். விடுதியில் தங்குகிறவர்கள் கையில் ஒரு சாப்பாட்டுச் சீட்டைக் கொடுத்து சூயின் என் கடைக்குத்தான் அனுப்புவாள். அதனால் இந்த விஷயத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஊர் வம்பு பேசுகிறவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கல்யாணமாகி வந்த மறுநாளே மாமியார் அவளை விடுதி மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து அதுதான் அவள் இடம். யாருக்கு உயரத் தலையணை, யாருக்குத் தட்டைத் தலையணை, மலைக்குப் போகிற முதல் ரயிலுக்கு யாரை எழுப்ப வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் வாசலுக்கு யார் எதை விற்க வந்தாலும் வாங்கிவிடுவாள். தூசி உறிஞ்சுகிற மெஷின் மட்டும் மாடிக்கு ஒன்று வைத்திருக்கிறாள். புருஷன் நல்ல மனுஷன்தான். ஆனால் ஏதாவது தீர்மானம் எடுக்க வேண்டும் என்றால் போதும், "நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு, காசு கட்டி இறால் பிடிக்கிற குளத்துக்குத் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். பல தீர்மானங்கள் தேவைப்பட்ட வருஷத்தில் அவர் வீட்டில் தினமும் இறால்தான்.

விடுதியின் வரவேற்பறை இருந்த லட்சணத்தைச் சொல்கிறேன். கதவைத் தள்ளினால் முதலில் ஸ்கூட்டர். அதன்மேல் காயப்போட்ட துண்டுகள். ஒரு பக்கம் தட்டில் காய்கிற முட்டைக்கோஸ். டிவியில் மாமியார் மருமகள் சண்டை. இதையெல்லாம் தாண்டி, சுவரோரமாக ஒரு மேஜை, அதற்குப் பின்னால் சூயின். பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "மன்னிக்கணும், வீடு மாறி வந்துட்டோம்" என்று போய்விடுவார்கள். அவளும் "பரவாயில்லைங்க" என்று சொல்லி அனுப்பிவைப்பாள். பக்கத்திலிருந்து பார்க்கிற எனக்குத்தான் வயிறு எரியும்.

கட்டிடத்தில் பாதி சூயின் புருஷனுக்கு, பாதி அவருடைய அக்கா மான்லிக்கு. மான்லி தாய்ச்சுங் பட்டணத்தில் இருக்கிறாள். பொம்மை பிடிக்கிற மெஷின் கடைகளாக நடத்துகிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் இரும்புக் கை தொங்கும், காசு போட்டுப் பொம்மையை எடுக்கப் பார்ப்போம், வராது. அந்தத் தொழில்தான். நிலாத் திருவிழா முடிந்த கையோடு ஒருநாள் வந்து, ஸ்கூட்டரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"இங்க பாரு சூயின். எனக்கு இழுத்துப் பேசத் தெரியாது. புது வருஷம் பொறந்து, விளக்குத் திருவிழாவன்னிக்கு மறுபடி வருவேன். இந்த அறையில ஆளு நடமாட்டம் இருந்தா, உன் விடுதி உனக்கு. இதே மாதிரி ஈ ஓட்டிட்டு இருந்தா கீழ்த்தளம் பூரா என் மெஷினை இறக்கிடுவேன். நீ கூட்டிப் பெருக்கிட்டு, சில்லறை மாத்திக் குடுத்துட்டு இரு. வேலை போகாது, கவலைப்படாதே."

சூயின் வழக்கம்போலத் தலையாட்டினாள். மான்லி போனதும் என் கடைக்கு வந்து, முட்டைச் சுருள் கல்லுக்கு எதிரே நின்று அழுதாள். "எனக்கு வேற என்ன ஹுவாக்கா தெரியும்? வர்றவங்களை 'வாங்க'ன்னு சொல்லி ஒரு சாவியைக் குடுக்கணும். அவ்ளோதான் எனக்கு வேணும். மெஷின்கிட்ட நான் என்னன்னு 'வாங்க' சொல்றது?" நான் கல்லில் இருந்தது கருகிப் போனதைக்கூடப் பார்க்கவில்லை.

அறையைப் புதுசாக்க, சூயின் வீட்டில் ஒருவனைத் தைபே பட்டணத்திலிருந்து கூட்டிவந்தார்கள். பெயர் கைவென். சட்டை கறுப்பு, கால்சட்டை கறுப்பு, சாக்ஸும் கறுப்பு. அறையின் நடுவில் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"தூங்கிட்டானா?" என்று சூயினிடம் கேட்டேன்.

"இல்லைங்க," என்றான் கண்ணைத் திறக்காமலே. "காத்து எந்தப் பக்கம் போக ஆசைப்படுதுன்னு பாக்கறேன்."

"கதவைத் திறந்து வெச்சா வெளியே போகும். இதுக்கா தைபேலேருந்து வந்தே?"

"ஹுவாக்கா, சும்மா இருங்க," என்று சூயின் என் கையைக் கிள்ளினாள். அவனிடம் திரும்பி, "நல்லா இருக்குங்க," என்றாள். அவன் இன்னும் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் சொன்னான். வெள்ளைச் சுவர் வேண்டும் என்றான். நல்லா இருக்குங்க. தெருப் பக்கம் முழுசாக ஒரே கண்ணாடி, கண்ணாடியிலேயே கதவு. நல்லா இருக்குங்க. ஒரு நாற்காலி, ஒரு கல், வேறு எதுவும் கூடாது. அதுவும் நல்லா இருக்குங்க. ஸ்கூட்டரையும் முட்டைக்கோஸையும் பின்கட்டுக்குத் தள்ளினான். அந்த ஒரு காரியத்துக்காக நான் அவனை மனசுக்குள் மெச்சினேன், வெளியே சொல்லவில்லை. வேலை முடிந்ததும் அறை பளபளவென்று இருந்தது. "திறப்பு விழாவெல்லாம் வேணாங்க. சத்தமில்லாம திறப்போம். அமைதியைத் தேடி வர்றவங்க தானா வருவாங்க," என்று சொல்லிவிட்டு ரயிலேறினான்.

வந்தார்கள். முதல் ஆள் ஒரு கிழவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து வாயை 'ஆ'வென்று திறந்தார்.

சூயின் திருதிருவென விழித்தாள். வேறு யாராவது இருந்தால் இது பல் ஆஸ்பத்திரி இல்லை என்று சொல்லியிருப்பார்கள். இவள் உள்ளே ஓடி உப்புத் தண்ணீரும், துணியில் சுற்றிய ஐஸும் கொண்டுவந்தாள். கிழவர் கொப்பளித்துவிட்டு, "கை ராசிக்கார டாக்டரம்மா" என்று வாழ்த்திவிட்டுப் போனார். அடுத்த நாள் தன் பெண்டாட்டியையும் கூட்டிவந்தார், அந்த அம்மாவுக்குக் கடைவாய்ப் பல். அந்த வாரம் முழுக்க விடுதியில் அறை கேட்டு வந்தவர்களைவிடப் பல்வலிக்காரர்கள்தான் அதிகம்.

"ஏண்டி, உனக்கு வாயில்லையா? விடுதின்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே!"

"வலிக்குதுன்னு வர்றவர்கிட்ட போய் எப்படி ஹுவாக்கா..."

எனக்கு வந்ததே கோபம்! ஒரு கடை புதுசாகத் திறந்தால் வாசலில் பட்டாசு வெடிக்க வேண்டாமா, நாலு பேரைக் கூப்பிட வேண்டாமா? விழா இல்லாமல் திறந்தால் பல் ஆஸ்பத்திரியா பாத்திரக் கடையா என்று ஊருக்கு எப்படித் தெரியும்? பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாள் குறித்து, தெரு முழுக்க நானே போய் அழைத்துவிட்டு வந்தேன். யோசனை என்னுடையதுதான். நல்ல யோசனை, இப்போதும் சொல்கிறேன்.

திறப்பு விழாவுக்கு வெறுங்கையோடு யாராவது வருவார்களா? வார்டு தலைவர் ஓர் ஊதாக்கல் குகையைச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். பாறையைப் பிளந்தால் உள்ளே பல் பல்லாக ஊதா நிறத்தில் மின்னுமே, அது, ஆள் உயரத்துக்கு. செல்வத்தை இழுக்கும் என்பார்கள். கோயில் கமிட்டிக்காரர்கள் ஒரு மரத்தின் வேரையே தோண்டிச் செதுக்கிய தேநீர் மேஜையைத் தூக்கிவந்தார்கள், அதைத் தூக்கிய நாலு பேரும் அன்றைக்கே இடுப்புக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார்கள். கரோக்கே சங்கத்துப் பெண்கள் ஒரு நிலைக்கண்ணாடி கொடுத்தார்கள். அதில் அங்கத்தினர் பேர் எல்லாம் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்ததால் முகம் பார்க்க இடமில்லை. கேஸ் சிலிண்டர் கடை ஆ-பிங், உடம்பு பிடித்துவிடுகிற மெஷின் நாற்காலி. காய்கறிச் சந்தைக்காரிகள் மீன் தொட்டி. நான் ஒரு கழுகு. கற்பூர மரத்தில் செதுக்கியது, இறக்கை இரண்டையும் முழுசாக விரித்துக்கொண்டு நிற்கும். தொழில் பறந்து விரிய வேண்டும் என்று ஆசையாகக் கொடுத்தேன். என் கழுகைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது.

மற்ற எல்லாவற்றிலும் கொடுத்தவர் பேர் தங்க எழுத்தில் இருக்கும். அதனால் எதையும் மறைத்து வைக்க முடியாது, மாடிக்கு அனுப்ப முடியாது. கொடுத்தவர் தினமும் தெருவில் போகும்போது கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார். தன்னுடையது பின்னால் போய்விட்டால், பேச்சு நின்றுவிடும். சூயின் ஒவ்வொருவரிடமும் "ஐயோ, எதுக்குங்க இவ்வளவு" என்று மூன்று தடவை மறுத்துவிட்டு, முறைப்படி வாங்கிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் வெள்ளைச் சுவர் கண்ணுக்குத் தெரியவில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த சூயினும் தெரியவில்லை.

மறுநாள் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பெட்டியோடு உள்ளே வந்தார்கள். ஊதாக்கல் குகையைப் பார்த்தார்கள். கையைக் குவித்துக் கும்பிட்டார்கள். மீன் தொட்டிக்குள் சில்லறை போட்டார்கள். "இங்க எந்தச் சாமிங்க விசேஷம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

குகைக்குப் பின்னாலிருந்து சூயினின் குரல் மட்டும் வந்தது. "எல்லாச் சாமியும் விசேஷந்தாங்க."

அந்தப் பெண் பயந்து இன்னொரு முறை கும்பிட்டாள். அறை எடுக்காமலே போய்விட்டார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பும்போது அந்த ஆள் தலையில் என் கழுகின் இறக்கை இடித்தது. குனிந்து போகத் தெரியாத ஆள்.

சூயின் கைவெனுக்குப் போன் போட்டாள். அவன் அடுத்த ரயிலில் வந்து, வாசலில் பேயறைந்தவன் போல நின்றான். அப்படியே பக்கத்தில் இருந்த ஆ-பிங்கின் நாற்காலியில் உட்கார்ந்தான். அது அவன் முதுகைப் பிடித்துவிட ஆரம்பித்துவிட்டது.

"எ-எ-என்னங்க ஆ-ஆ-ச்சு இ-இ-இங்க? எ-என் வெ-வெ-வெற்றிடம் எ-எங்க?"

"எழுந்திரு முதல்ல, அப்புறம் பேசு," என்றேன்.

"மு-மு-முடியலக்கா, கா-காலையும் பி-பி-பிடிச்சிருச்சு."

நாங்கள் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து அவனை இழுத்து வெளியே எடுத்தோம். அவன் முகத்தில் அப்பாடா என்று ஒரு நிம்மதி தெரிந்தது. முதுகுக்கு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. "இதையெல்லாம் எடுத்துடுங்க," என்று முனகினான். சூயின் தலையைக் குனிந்துகொண்டாள். "எடுத்தா அவங்க மனசு நோகும் தம்பி. எடுக்காட்டி, விளக்குத் திருவிழாவுக்கு அண்ணி வந்து மெஷினை இறக்கிடுவாங்க. எனக்கு என்ன செய்யறதுன்னே தெரியல." சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கறுப்புச் சட்டை போட்டாலும் பையனுக்கு ஈரம் இருந்தது. ரொம்ப நேரம் மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தான். பிறகு ஒரு காலிப் பெட்டியை எடுத்து, வாசலுக்கும் மேஜைக்கும் இடையே இழுத்துக்கொண்டு நடந்தான். எங்கே சக்கரம் மாட்டுகிறது, எங்கே முழங்கால் இடிக்கிறது என்று சுண்ணக்கட்டியால் தரையில் குறித்தான். குடையோடு வருகிறவன் அதை எங்கே வைப்பான், மலைக்குப் போகிறவன் பூட்ஸ் கயிற்றைக் கட்ட எங்கே உட்காருவான், சாவி வாங்க நிற்கிறவனும் தேநீர் குடிக்கிறவனும் எங்கே மோதிக்கொள்வார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். கண்ணை ஒரு தடவைகூட மூடவில்லை.

ஒவ்வொன்றையும் இடம் மாற்றக் கொடுத்தவரின் சம்மதம் வேண்டுமே. சூயினால் கேட்க முடியாது. நான் கேட்டேன்.

"தலைவரே, உங்க குகையோட வாய் வாசலைப் பாத்துட்டு இருக்கு," என்றேன் வார்டு தலைவரிடம்.

"ஆமா, வர்றவங்க கண்ணுல படணும்ல?"

"கண்ணுல படும். உள்ள வந்த செல்வமும் அப்படியே வாசல் வழியாக் கொட்டிடும். அப்புறம் தலைவர் குடுத்த கல்லாலதான் விடுதி நொடிச்சுதுன்னு ஊரே பேசும். எனக்கென்ன!"

அவர் முகம் வெளுத்தது. தானே ஆள் கூட்டிவந்து குகையைத் திருப்பி வைத்தார். அது அறையை இரண்டாகத் தடுத்து நின்றது. ஒரு பக்கம் பெட்டியோடு மேஜைக்குப் போக நேரான வழி, இன்னொரு பக்கம் தேநீர் மேஜை. தேநீர் மேஜையைக் கண்ணாடியோரம் போட்டதால் உட்கார்ந்து குடிப்பது தெருவுக்குத் தெரியும். கரோக்கே நிலைக்கண்ணாடியைக் கைவென் சூயினின் மேஜைக்கு எதிரே மாட்டினான். சங்கத்துப் பேர்களுக்கு நடுவே இருந்த சந்தில் மாடிப்படி தெரிந்தது, யார் இறங்கி வருகிறார்கள் என்று சூயின் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். மீன் தொட்டியைச் சுற்றி விளிம்பு கட்டி, பூட்ஸ் கயிறு கட்டுகிறவர்கள் உட்காரும் திண்டாக்கினான். என் கழுகை வாசலோரம் கொண்டுபோய் நிறுத்தினான். அடுத்த மழையில் எல்லாரும் அதன் இறக்கையில் மழைக்கோட்டைத் தொங்கவிட்டார்கள்.

"டேய்! அது கழுகுடா! கொடிக்கம்பி இல்ல!"

"பறக்கற மாதிரியே இருக்குக்கா, கோட்டோட," என்றான் அந்தப் பாவி. இரண்டு நாள் அவனுக்கு நான் முட்டைச் சுருள் போடவில்லை.

ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும் இல்லையா? ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம், நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் ஐந்தாவது ஆள் நுழைவான். கண்ணாடி வழியாக வார்டு தலைவர் தேநீர் ஊற்றுவதைப் பார்த்து, ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். "வாங்க, வாங்க" என்று சூயின் எழுந்தாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. பல்வலிக் கிழவர்கூட ஒரு கோப்பைத் தேநீருக்கு வந்து போனார்.

விளக்குத் திருவிழாவும் வந்தது. தெருவெல்லாம் விளக்கு, அறை முழுக்க ஆள். பரிசு கொடுத்தவர்கள் எல்லாரும் அன்றைக்குக் குளித்து முழுகி, அவரவர் பொருளுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள், பெண் பார்க்க வருகிற மாதிரி. மான்லி உள்ளே நுழைந்தாள். ஒரு சுற்று பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

சூயினையும் என்னையும் குகைக்குப் பின்னால் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆளு இருக்கு. பாத்தேன். ஆனா பாதிக்கு மேல தெருக்காரன். ஓசித் தேநீர் குடிக்க வர்றான். இவனெல்லாம் ஆளா? சூயின், உனக்குத் தொழில் வராது. விட்டுடு." கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். சுவரோரமாக இழுத்து அளக்க ஆரம்பித்தாள். "இந்தப் பக்கம் ஆறு மெஷின் நிக்கும்."

நான் திட்டலாம் என்று மூச்சை இழுத்தேன், மான்லிக்கு நாலு வார்த்தை கொடுத்தால்தான் என் நெஞ்சு ஆறும் என்று இருந்தது. அதற்குள் வார்டு தலைவர் குகையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"அம்மா, வாங்க வாங்க! ஹுவாங் வீட்டு மூத்த பொண்ணு இல்லையா? பாருங்க, இது என்னோடது. அது கோயில் கமிட்டியோடது. அந்தக் கழுகு முட்டைச் சுருள் அக்காவோடது, மழைக்கோட்டு மாட்ட ரொம்ப வசதி." நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்த முகமாகக் கேட்டார். "ஆமா, உங்களோடது எதும்மா?"

ஆ-பிங் திரும்பினான். கரோக்கே சங்கம் மொத்தமும் திரும்பியது. சொந்த அக்கா, கட்டிடத்தில் பாதிக்காரி. ஊரான் எல்லாம் சீர் செய்திருக்கிற இடத்தில் அவள் பேர் மட்டும் எங்கேயும் இல்லை. இந்தச் சங்கடத்தை யாரும் மனசால்கூட எதிரிக்கு விரும்ப மாட்டார்கள். நான் விரும்பினேன். நன்றாக வேண்டும் என்று உள்ளுக்குள் குதித்தேன். மான்லியின் காது வரை சிவந்துவிட்டது.

சூயினால் தாங்க முடியவில்லை. யாருடைய முகமும் வாடிப் பார்க்க அவளால் முடியாது, தன் பிழைப்பில் மண் போட வந்தவள் முகமாக இருந்தாலும் சரி.

"அண்ணியோடதா? வந்துட்டு இருக்குங்க," என்று சொல்லிவிட்டாள். "எல்லாத்தையும்விடப் பெரிசுங்க. அதான் வர நேரமாகுது."

"ஓ!" என்றது கூட்டம்.

வார்டு தலைவர் மான்லியின் கையில் இருந்த அளவு நாடாவைப் பார்த்தார். "அட, அதுக்குத்தான் அளந்துட்டு இருக்கீங்களா! இந்த ஓரத்துல எதுக்கும்மா? கூடப் பிறந்தவங்க சீரு நட்ட நடுவுலல்ல நிக்கணும்! ஏம்ப்பா ஆ-பிங், அந்த நாற்காலியைத் தள்ளு!"

"ஏன் என்னோடதைத் தள்ளணும்? உங்க குகையைத் தள்ளுங்க!"

"அம்மா, எவ்ளோ பெரிசும்மா? கல்லா? மரமா?" என்று கரோக்கே பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அறையின் நடுவில் போய் நின்றாள். "இது போதுமா, இன்னும் வேணுமா?"

மான்லிக்கு நாடாவைச் சுருட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. "கல்லு," என்றாள் கடைசியில். "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க." அப்புறம் யாரிடமும் பேசாமல், தேநீர்கூடக் குடிக்காமல் காரேறிவிட்டாள்.

அன்றிலிருந்து சூயினுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "பொய் சொல்லிட்டேனே ஹுவாக்கா. அண்ணி கோபத்துல நாளைக்கே மெஷினை அனுப்பிட்டா?"

"வேணும்னே தானே சொன்னே? உண்மையைச் சொல்லு. பொழைக்கத் தெரிஞ்சவடி நீ!"

"சத்தியமா இல்லக்கா. அவங்க நின்ன நிலையைப் பார்க்க முடியல. அதான் வாயில வந்துடுச்சு." அவளை இத்தனை வருஷமாகத் தெரியும், அவள் சொன்னது நிஜமாகத்தான் இருக்கும். ஆனாலும் எனக்கு அப்பப்போ ஒரு சந்தேகம் வரும்.

சில நாள் கழித்து, காலைச் சாப்பாட்டு நேரத்தில், தெருவையே அடைத்துக்கொண்டு ஒரு லாரி வந்து நின்றது. பின்னாலேயே ஒரு கிரேன். சூயின் வெளிறிப் போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெஷின்தான்," என்றாள். கைவெனும் அன்றைக்கு இருந்தான், விளக்கு மாட்ட வந்திருந்தான். கடையில் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் முள்ளங்கி கேக்கோடு வெளியே வந்துவிட்டார்கள்.

லாரிக்காரன் படுதாவை இழுத்தான். உள்ளே ஒரு கல் பந்து. தண்ணீர் ஊற்றெடுக்கும், அதன்மேல் பந்து தானே சுழலும், அதிர்ஷ்டம் சுழல வேண்டும் என்று பெரிய கம்பெனிகளின் வாசலில் வைப்பார்களே, அது. ஆனால் இது பெரிய கம்பெனிக்காரனே யோசிக்கிற அளவு. அடிப்பீடத்தில் 'ஹுவாங் மான்லி அன்பளிப்பு' என்று பேர் இருந்தது. மற்றவர்கள் மாதிரி தங்கப் பெயிண்டில் எழுதவில்லை. கல்லிலேயே வெட்டியிருந்தது, இரண்டு தெரு தள்ளியிருந்து படிக்கலாம்.

சூயின் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தாள். பேர் போட்டுச் சீர் அனுப்பியாயிற்று. இனி அந்த அறையை மூடினால் மான்லி தன் பேரையே மூட வேண்டும். எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கும் புரிந்தது.

கிரேன்காரர் கதவை அளந்து பார்த்துத் தலையைச் சொறிந்தார். "முதலாளியம்மா, உள்ள போகாது. இந்தக் கண்ணாடி பூராவையும் உடைச்சாத்தான் முடியும்."

"ஐயோ, என் கண்ணாடி!" என்று கைவென் கதவை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றார் கிரேன்காரர். "அப்புறம் எங்களைக் குறை சொல்லக் கூடாது. ஒரு தடவை உள்ள வெச்சுட்டா இதை வெளிய எடுக்க வழியில்ல. கட்டிடத்தை இடிச்சாத்தான் உண்டு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்டுக்காரரைக் கேக்கணும்னா கேளுங்க."

வீட்டுக்காரர் இறால் குளத்தில் இருந்தார். சூயின் என்னைப் பார்க்கவில்லை, கைவெனையும் பார்க்கவில்லை.

"எடுக்கவே முடியாதா?" என்று கேட்டாள்.

"முடியாதுங்க."

"அவங்களே வந்து கேட்டாலும்?"

"யாரு வந்தாலும் முடியாதுங்க."

சூயின் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணீர் வழிய வழியச் சிரித்தாள், தெருவே பார்த்தது. பிறகு உடுப்பு நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கைவெனின் தோளைப் பிடித்து மெதுவாக ஓரமாக நகர்த்தினாள்.

"உடைங்க," என்றாள்.